கொசுறுக்கு ஒரு யானை

கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினால் ஒரு கொத்து கறிவேப்பிலை. இதற்குப் பெயர் கொசுறு. கொசுறுக்கென்று சில தர்மங்கள் உண்டு. நம் கண் முன்னால்தான் பையில் விழும். வேண்டாம் என்றால் விழாது. வீட்டுக்கு வந்த கறிவேப்பிலை அடுப்படி மூலையில் உட்கார்ந்து, இந்த வீட்டில் யார் எப்போது என்ன சாப்பிடுகிறார்கள் என்று குறிப்பெடுத்துக் காய்க்காரம்மாவுக்குச் சொல்லி அனுப்பாது. ரசத்தில் போட்டால் மணக்கும், தட்டோரம் ஒதுக்கினால் ஒதுங்கிக்கொள்ளும். மானமுள்ள ஜீவன்.

இந்தத் தர்மம் கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் கெட்டுப்போனது என்று நினைப்பவர்கள் புதுக்கோட்டை வரலாறு படிக்காதவர்கள். எங்கள் சீமையின் முந்நூற்றுச் சொச்ச வருடக் கதையே "இதை எடுத்தால் அதுவும் கூட வரும்" என்பதுதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். அதை மார்க்குக்காகப் படியுங்கள். நடந்ததை நான் சொல்கிறேன்.

ஆரம்பமே கல்யாணக் கொசுறு. ராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி ஒரு பெண்ணை மணந்தார். பெண்ணின் பெயர் காதலி. பெயரே அதுதான், நான் எதுவும் சேர்க்கவில்லை. பெண்ணோடு சீர்வரிசை மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது உலக வழக்கம். இங்கே சீர் எதிர்த்திசையில் கிளம்பியது. காதலியின் அண்ணன் ரகுநாதத் தொண்டைமானுக்கு 1686 வாக்கில் புதுக்கோட்டைச் சீமை வந்து சேர்ந்தது. மச்சானுக்கு மோதிரம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறோம். மச்சானுக்கு ஒரு நாட்டையே போட்டவர் கிழவன் சேதுபதி. இன்றுவரை எங்கள் ஊர்க் கல்யாணங்களில் மச்சான்மார் முறைத்துக்கொண்டு நிற்பதற்கு இதுதான் மூலகாரணம் என்பது என் ஆய்வு முடிவு.

அடுத்தது கம்பெனி. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை திருச்சியில் சோற்றுக்கு அல்லாடியபோது, தொண்டைமான் சீமையிலிருந்துதான் தானியமும் தீனியும் போயின. பிறகு 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது. இந்த வரியை எங்கள் ஊர் டீக்கடையில் சத்தமாகப் படித்தால் பெஞ்சு இரண்டாகப் பிரிந்து சாயங்காலம்வரை பேசும். ஆகவே மனசுக்குள் படித்துவிட்டுக் கடந்துவிடவும். 1801-இல் மருது சகோதரர்கள் எழுந்தபோதும் தொண்டைமான் நின்றது கம்பெனிப் பக்கம். இத்தனை செய்தபின் விஜய ரகுநாதத் தொண்டைமான் 1803-இல் வாயைத் திறந்து ஒன்று கேட்டார்: கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த ஊர்களும். முன்பே தஞ்சாவூர் மன்னர் பிரதாப சிங் எங்களுக்குக் கொடுத்ததுதான், நடுவில் வம்பாகிவிட்டது, முடித்துவையுங்கள் என்றார்.

கம்பெனி மகிழ்ச்சியோடு முடித்துவைத்தது. அப்போது கம்ப்யூட்டர் இருந்திருந்தால் திரையில் இப்படித்தான் வந்திருக்கும்:

"கீழாநிலைக் கோட்டையை நிறுவ வரவேற்கிறோம். கோட்டை முற்றிலும் இலவசம். தொடர, நெக்ஸ்ட்."

நெக்ஸ்ட் அமுக்கினால், ஏற்கெனவே டிக் அடித்த மூன்று கட்டங்கள். ஒன்று, இந்தக் கோட்டையை வேறு யாருக்கும் கைமாற்ற மாட்டேன். இரண்டு, குடிமக்கள் கொடுங்கோன்மைக்கு ஆளாவதாகத் தெரிந்தால் கோட்டை கம்பெனிக்கே திரும்பிவிடும். கொடுங்கோன்மை எது என்று தீர்ப்புச் சொல்லப்போவது கம்பெனி. ஆட்டுக்கு நியாயம் சொல்ல ஓநாய் ஒத்துக்கொண்டதே பெரிய மனசு. மூன்றாவது கட்டம்தான் வரலாற்றின் உச்சம்: வருஷத்துக்கு ஒரு யானை காணிக்கை.

ஆமாம், யானை. பணம் வேண்டாமாம், நெல் வேண்டாமாம். கத்தரிக்காய் விற்றவர் வாங்கினவரிடம் கொசுறு கேட்டது உலகத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். அதுவும் கறிவேப்பிலை சைஸில் கேட்கவில்லை.

இங்கேதான் தொண்டைமான்களின் ராஜதந்திரத்தைக் கவனிக்க வேண்டும். யானை கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. கொடுக்கவும் இல்லை. கம்பெனியும் வற்புறுத்திக் கேட்கவில்லை. யானையை வாங்கிவிடலாம், கட்டித் தீனி போடுவது யார்? இப்படியே வருஷங்கள் ஓடின. 1836-இல் "அந்த யானை விஷயம் இனி வேண்டாம்" என்று கம்பெனியே முறைப்படி தள்ளுபடி செய்தது. ஒரு டிக்கை எடுக்க முப்பத்துச் சொச்ச வருஷம். ஆனாலும் எடுத்தார்கள். ஏன் எடுக்க முடிந்தது? அந்த டிக் அங்கே இருப்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். எழுத்தில் இருந்தது, யானை சைஸில் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

யானை வராவிட்டாலும் வேறு ஒருவர் வந்தார். 1807-இல் பட்டத்துக்கு வந்த ராஜா சிறு பையன். பையனுக்குத் துணையாக நிர்வாகத்தைப் பார்க்க, தஞ்சாவூர் ரெசிடென்ட் மேஜர் பிளாக்பர்ன் உள்ளே வந்தார். உள்ளே வந்தவர் சும்மா இருப்பாரா? மராத்தியர் ஆண்ட தஞ்சாவூரின் பழக்கம் தஞ்சாவூரோடு நிற்குமா? அரசவையின் மொழி மராத்தி ஆனது. ஒரு நாள் காலையில் ப்ரவுசரைத் திறக்கிறீர்கள். நேற்றுவரை இருந்த முகப்புப் பக்கம் காணோம். வேறு என்னமோ வந்து நிற்கிறது. மாற்றியது யார் என்று தெரியாது. பழையபடி மாற்றினாலும் மறுபடி அதுவே வருகிறது. அந்த அனுபவம் இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று அமெரிக்காக்காரன் நினைத்துக்கொண்டிருக்கிறான். எங்கள் ஊர்க் குமாஸ்தாக்கள் அதை இருநூறு வருஷம் முன்பே அனுபவித்துவிட்டார்கள்.

மொழி விஷயத்தில் எங்கள் சமஸ்தானம் தனி ரகம். எங்களுக்கென்று சொந்தக் காசு இருந்தது: அம்மன் காசு. சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உட்கார்ந்திருப்பாள், மறுபக்கம் "விஜய" என்று தெலுங்கில் எழுதியிருக்கும். ஓர் அணாவுக்கு இருபது காசு, ரூபாய்க்கு முந்நூற்று இருபது. ஆக, காசில் தெலுங்கு, கச்சேரியில் மராத்தி, கம்பெனிக் காகிதத்தில் இங்கிலீஷ். ஜனங்களுக்கு மட்டும் தமிழ். எழுதியிருப்பது நமக்குப் புரிய வேண்டும் என்று எவனும் கவலைப்படாத ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள். பின்னாளில் கம்ப்யூட்டர் திரையில் நாற்பது பக்க இங்கிலீஷ் ஒப்பந்தம் வந்தபோது எங்களுக்கு ஒரு திகைப்பும் வரவில்லை.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த அம்மன் காசு ஒரு நல்ல கொசுறு. நவராத்திரிக்கு அரண்மனை அரிசி தானம் செய்யும். அரிசியோடு ஒரு அம்மன் காசு. வாங்கினவர் அரிசியைப் பொங்கித் தின்றார், காசை முடிந்துகொண்டார். அந்தக் காசு அவர் மடியில் இருந்தபடி அவர் எந்தக் கடைக்குப் போகிறார் என்று அரண்மனைக்குச் சேதி சொல்லவில்லை. பிரகதாம்பாள் எல்லாம் அறிந்தவள்தான், ஆனால் யாரிடமும் விற்கமாட்டாள்.

இன்னொரு நல்ல கொசுறு 1991-இல் வந்தது. சமஸ்தானம் 1948-இலேயே இந்தியாவோடு சேர்ந்து, புதுக்கோட்டை 1974-இல் தனி மாவட்டமாகி, ராஜாவின் புது அரண்மனை கலெக்டர் ஆபீஸாகிவிட்டது. அந்த அரண்மனையில் உட்கார்ந்திருந்த கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் அறிவொளி இயக்கத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். கல் உடைத்த பெண்களும் களை எடுத்த பெண்களும் ராத்திரி விளக்கடியில் உட்கார்ந்து "அ" எழுதினார்கள். கொசுறாக சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். எழுத்தோடு சைக்கிள்! ஊர்ப் பெருசுகள் முகம் சுளித்தார்கள். பெண்கள் பெல் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

அந்த இயக்கத்தின் முதல் எதிரி கைநாட்டு. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கட்டை விரலை மையில் முக்கிக் காகிதத்தில் ஒற்றுவதால்தான் காடும் வீடும் போகின்றன. படி, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. இதுதான் பாடம். மாவட்டமே கட்டை விரலைக் கழுவித் துடைத்துக்கொண்டது.

பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை. ஆள்காட்டி விரல் ஆரம்பித்துவிட்டது.

நான் அப்போது கல்லூரி மாணவன். கீழ ராஜ வீதியை ஒட்டிய ஒரு சந்தில் சொந்தக்கார அண்ணன் ஒருவர் ப்ரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஆறு கம்ப்யூட்டர், அதில் நாலு ஓடும். மணிக்கு இருபது ரூபாய். கரண்டு போனால் யூபிஎஸ் ஆறும் சேர்ந்து கத்தும், பூனைச் சண்டை மாதிரி இருக்கும். பகலில் பாஸ்போர்ட் விண்ணப்பம், சிங்கப்பூர் பர்மிட் பிரிண்ட், ரயில் டிக்கெட். சாயங்காலம் உண்மையான வருமானம்: மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவது. விடுமுறை நாட்களில் நான்தான் அங்கே தலைமைப் பொறியாளர். சம்பளம், இரவு ஒரு பரோட்டா செட்டும் முட்டை மாஸும்.

வீடியோ பாட்டைச் சின்னதாக்கி செல்போனில் ஏற்ற ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. விலை கொடுத்து வாங்குவது எங்கள் குல வழக்கத்தில் இல்லை. தேடினேன். பக்கம் முழுக்கப் பச்சை நிறத்தில் ஐந்து டவுன்லோடு பொத்தான். ஐந்தில் நாலு பொய், ஒன்று உண்மை. ஐவரில் எவன் நளன் என்று தெரியாமல் மாலையோடு நின்ற தமயந்தியின் நிலைதான். தேவர்களின் கால் தரையில் படாது என்று பார்த்து அவள் கண்டுபிடித்தாள். பொத்தானுக்கு ஏது கால்? இருப்பதிலேயே பெரிதாக இருந்ததற்கு மாலையைப் போட்டேன்.

பிறகு நெக்ஸ்ட். நெக்ஸ்ட். ஐ அக்ரி. நெக்ஸ்ட். நடுவில் ஓரிடத்தில் இரண்டு வழி காட்டியது. ஒன்று "எக்ஸ்பிரஸ், பரிந்துரைக்கப்படுவது" என்று கொட்டை எழுத்தில், பளிச்சென்று. இன்னொன்று "கஸ்டம், அனுபவமுள்ளவர்களுக்கு மட்டும்" என்று சாம்பல் நிறத்தில், காய்ச்சலில் கிடப்பது போல. பின்னால் நாலு பேர் மெமரி கார்டோடு நிற்கிறார்கள். எவனாவது எக்ஸ்பிரஸை விட்டுவிட்டுப் பாசஞ்சரில் போவானா? அமுக்கினேன். மொத்தம் பதினோரு அமுக்கு. கடைசியில் "ஃபினிஷ்" என்று வந்தது. யாரை என்று சொல்லவில்லை.

சந்தைப்பேட்டையில் ஆடு வாங்கியவர்களுக்குத் தெரியும். ஆட்டோடு கயிறு வரும். அது நியாயம். தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி, தரகை வாங்கிக்கொண்டு போய்விடுவார். நான் பிடித்து வந்த ஆட்டோடு கயிறு வந்தது, தரகர் வந்தார், தரகரின் மச்சினன் வந்தான், திண்ணையில் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டு, "தம்பி, வீட்டில் யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டார்கள். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் ஒரே ராத்திரியில் ப்ரவுசரின் தலையில் ஆறு டூல்பார் பட்டைகள். ஒன்று ஏதோ வெளிநாட்டு ஊரின் வெயில் நிலவரம் சொல்லும். ஒன்று சிரிக்கிற மூஞ்சிகள் கொடுக்கும். ஒன்று டாலர் கூப்பன் தரும், புதுக்கோட்டையில் டாலர் கூப்பனை வைத்து உப்பு மூட்டைகூட வாங்க முடியாது. ஒன்று "உங்கள் கம்ப்யூட்டரில் 312 பிழைகள்" என்று அழும். அதில் ஒன்று அதுவே என்பதைச் சொல்லாது.

மறுவாரம் பிளஸ் டூ ரிசல்ட். ஆலங்குடிப் பக்கத்து அப்பத்தா ஒருவர் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கூட்டத்தில் கிடைத்தது மூன்றாம் நம்பர்தான். பதிவு எண்ணைப் போட்டேன். பக்கம் வந்தது. ஆனால் ஆறு டூல்பாரும் அடுக்கி நின்றதில், ரிசல்ட்டுக்கு மிச்சம் இருந்த இடம் நாலு விரல்கடை. ஜன்னலை அடைத்து அலமாரி வைத்துவிட்டு, சந்து வழியாகத் தேர் பார்க்கிற மாதிரி.

"மார்க்கு எங்கப்பா?"

"இந்தா வருது ஆத்தா."

தள்ளினேன். பேரனின் பெயர் வந்தது. அப்பத்தா கும்பிட்டார். தள்ளினேன். தமிழ் வந்தது. பையன் மூச்சு விட்டான். தள்ளினேன். இங்கிலீஷ். தள்ளப்போகும்போது ஓர் அழகிய பெண்ணின் படம் குறுக்கே வந்து, நீங்கள் பத்து லட்சமாவது பார்வையாளர், பரிசு காத்திருக்கிறது என்றாள். "யாருப்பா இந்தப் புள்ள? டீச்சரா?" என்றார் அப்பத்தா. பத்து நிமிஷம் ஆனது அந்தப் பையன் பாஸ் என்று தெரிய. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் நடுவே அவனுக்கு முடி நரைத்ததை நான் பார்த்தேன்.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. "ஓசியில வந்ததுடா, ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். ஊரே அப்படித்தான் நினைத்தது. உலகமும்.

உலகத்தின் கதை இன்னும் மோசம். ஊதா நிறத்தில் பான்சி படி என்று ஒரு குரங்கு இருந்தது. திரையில் குதிக்கும், பாடும், ஜோக் சொல்லும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் குழந்தைகளின் விவரங்களைச் சேகரித்ததாக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட, 2004-இல் அதை நடத்திய நிறுவனம் 75,000 டாலர் கட்டியது. எங்கள் ஊர்க் குரங்கு வாழைப்பழத்தைப் பிடுங்கும், பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்காது. கேட்டர் என்று ஒன்று, பாட்டுப் பரிமாறும் காசா போன்ற மென்பொருள்களோடு ஒட்டிக்கொண்டு வந்து, நீங்கள் எந்தப் பக்கம் பார்க்கிறீர்கள் என்று கவனித்து அதற்கேற்ப விளம்பரம் காட்டியது. பெயர் கெட்டதும் 2003-இல் கிளாரியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. கடன் கொடுத்தவன் தேடினால் மீசையை எடுத்துவிடுகிற அதே உத்தி.

இதெல்லாம் சில்லறைகள். பெரிய வீட்டுக் கதையைக் கேளுங்கள். ஜாவா மென்பொருளைப் புதுப்பிக்காவிட்டால் ஆபத்து என்று அதன் உரிமையாளர் ஆரக்கிள் அப்போதெல்லாம் சொல்லும். புதுப்பித்தால் கூடவே ஆஸ்க் டூல்பார், டிக் அடித்தபடி வரும். அது 2013-இல் பிடிபட்ட விதம் அபாரம். நிறுவி முடித்ததும் டூல்பார் உடனே வராது. பத்து நிமிஷம் பொறுத்திருந்து வரும். "ஐயோ, டிக் எடுக்க மறந்துவிட்டோமே" என்று நீங்கள் ஓடிப்போய்ப் பட்டியலில் தேடினால் ஒன்றும் இருக்காது. நிம்மதியாக டீ குடிக்கப் போவீர்கள். அப்போது வரும். வீட்டுக்காரர் விளக்கை அணைத்துப் படுக்கும்வரை வைக்கோல் போரில் காத்திருக்கிற திருடனுக்குக்கூட அது கொஞ்சம் வெட்கமான வேலை.

பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் புழங்கும் என்மேப்பையும் விடவில்லை. டவுன்லோடு டாட் காம் அதைத் தன் சொந்த உறையில் சுற்றி, உள்ளே டூல்பாரை வைத்துக் கொடுக்கிறது என்று அதை எழுதிய கார்டன் லையன் 2011 டிசம்பரில் சண்டைக்கு நின்றார். கோயில் பிரசாதத்தை வாங்கி அதில் பீடி விளம்பரத்தைச் செருகி விற்றது போல. இலவச மென்பொருள்களின் தாய்வீடான சோர்ஸ்ஃபோர்ஜும் அதே வழியில் போக, படம் திருத்தும் ஜிம்ப் குழு 2013-இல் அங்கிருந்து வெளியேறியது. 2016-இல் கைமாறியபோது புது உரிமையாளர்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று அந்தக் கொசுறு வியாபாரத்தை இழுத்து மூடியது.

இவ்வளவும் எதற்கு? காசுக்கு. ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் தரகருக்கு 10 சென்ட்டிலிருந்து ஒன்றரை டாலர்வரை கூலி. கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் மற்றவர்களும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கூலி வியாபாரம் வாரத்துக்கு 6 கோடி டவுன்லோடு முயற்சிகளைத் தள்ளுகிறது, அது வைரஸ் வகையறாக்களைப்போல மூன்று மடங்கு என்று கணக்கு வந்தது. நீங்கள் நெக்ஸ்ட் அமுக்கும் முன்பே அந்த நிறுவி உங்கள் கம்ப்யூட்டரை ஒரு சுற்றுச் சுற்றிவந்துவிடும். எந்த நாடு, காவலுக்கு எந்த ஆன்டிவைரஸ் என்று பார்த்து, அதற்கேற்ற சரக்கைத்தான் கடை விரிக்கும். பெண் பார்க்க வருகிறேன் என்று சொல்வதற்கு முன்பே வீட்டுப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை வீடு.

டூல்பார் இடத்தை அடைத்தது சின்ன விஷயம். உண்மையில் அது எடுத்தது நம் பேச்சை. எங்கள் மூன்றாம் நம்பரில் தெருவே உட்கார்ந்தது. ஒருவர் துபாய் ஏஜென்ட் நல்லவனா என்று தேடினார். ஒரு புதுமணத் தம்பதி திருச்சியில் குழந்தைப்பேறு டாக்டர் தேடினார்கள். ஒருவர் நகைக்கடன் வட்டி தேடினார். வாயால் அண்ணனிடம்கூடச் சொல்லாததை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் தட்டினார்கள். தேடும் பெட்டியோ டூல்பாருடையது. தட்டிய ஒவ்வொரு வார்த்தையும் முதலில் அவன் வாசலைத் தொட்டுவிட்டுத்தான் மேலே போனது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2011-இல் ப்ரவுசிங் சென்டர்களுக்கென்று விதிகள் போட்டது. வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும், நோட்டில் பெயர் எழுத வேண்டும், பதிவை ஒரு வருஷம் வைத்திருக்க வேண்டும், தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக்கூடாது. அண்ணன் தச்சரைக் கூப்பிட்டு ஒரு சாண் அறுத்தார். ஆக, கடைக்குள் வந்த அப்பத்தாவுக்கு அடையாள அட்டை வேண்டும். கம்ப்யூட்டருக்குள் வந்த டூல்பாருக்கு ஒன்றும் வேண்டாம்.

டூல்பார் காலம் முடிந்தது என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். துடைப்பமே திருடிய கதை அதற்குப் பிறகுதான். அவாஸ்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம், கம்ப்யூட்டரைத் துடைக்கும் சிசிளீனரை 2017-இல் வாங்கியது. துடைப்பத்தை நிறுவப்போனால் அவாஸ்டும் வேண்டுமா என்று டிக்கோடு கேட்டது. உங்களை யாரும் வேவு பார்க்காமல் காப்போம் என்பது அவாஸ்டின் வாக்கு. பார்த்தால், மக்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்பதை ஜம்ப்ஷாட் என்ற கிளை நிறுவனம் வழியாக விற்றுக்கொண்டிருந்தது. 2020-இல் அம்பலமாகி ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. கூர்க்காவே விசில் ஊதிக்கொண்டு வீட்டு விலாசங்களை விற்றால் ஊதல் கேட்டுத் தூங்கியவனை என்ன சொல்வது?

நம் பக்கத்தில் கம்ப்யூட்டர் போய் செல்போன் வந்தது. கோப்பு அனுப்பும் ஷேர்இட் செயலியின் பெயர் வினைச்சொல்லே ஆனது. "பாட்டை ஷேர்இட் பண்ணு மாப்ள" என்றார்கள். 2020 ஜூன் 29-இல் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஷேர்இட்டும் யூசி ப்ரவுசரும் இருந்தன. அன்று எங்கள் ஊரில் துக்கம் விசாரித்தார்கள். அவ்வளவு நாள் அது நம் போனில் என்னென்ன அனுமதி வாங்கி வைத்திருந்தது என்று பார்த்தவர் யாரும் இல்லை.

இப்போது சட்டம் வந்திருக்கிறது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்றால் தானாக முன்வந்து, குறிப்பான ஒன்றுக்கு, விவரம் தெரிந்து, நிபந்தனை இல்லாமல் தருவது என்கிறது. சட்டத்துக்குள்ளேயே ஒரு குட்டிக் கதை உண்டு. ஒரு பெண் வைத்திய ஆலோசனைச் செயலி ஒன்றை இறக்குகிறாள். அது வைத்தியத்துக்கும் சம்மதம் கேட்கிறது, கொசுறாக போனில் உள்ள தொடர்பு எண்களுக்கும் கேட்கிறது. அவள் இரண்டுக்கும் சரி என்கிறாள். சரி என்றாலும் தொடர்பு எண்களுக்குத் தந்தது செல்லாது என்கிறது சட்டம். காய்ச்சலைப் பார்க்க மச்சினியின் போன் நம்பர் எதற்கு? இன்னொரு நல்ல சேதி: அறிவிப்பை இங்கிலீஷிலோ எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்க வழி வேண்டும். அதாவது தமிழில். காசில் தெலுங்கும் கச்சேரியில் மராத்தியும் பார்த்த ஊருக்கு இது லேட்டாக வந்த மரியாதை. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு நிறுவனங்கள் கையில் 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். யானைக்கு ஆன முப்பது வருஷத்தோடு ஒப்பிட்டால் மின்னல் வேகம்.

அதே 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகைத் தில்லுமுல்லுகளைப் பட்டியல் போட்டுத் தடுத்தது. கேட்காத சரக்கைக் கூடைக்குள் நைசாகப் போடுவது அதில் ஒன்று. எங்கள் சந்தையில் அதைச் செய்தால் பட்டியல் போடமாட்டார்கள். கையைப் பிடிப்பார்கள்.

ஆக, என் தீர்ப்பு இதுதான். கீழாநிலைக்கு யானை கேட்ட கம்பெனி பேராசைக்காரக் கம்பெனி. ஆனாலும் அது யானையை யானை என்றே எழுதிக் கேட்டது. அதனால்தான் தொண்டைமான்கள் கொடுக்காமல் இருக்க முடிந்தது. நமக்கு வந்த கம்பெனிகள் யானையைப் பச்சைப் பொத்தானுக்குப் பின்னால் கட்டிவைத்துவிட்டு, நம் ஆள்காட்டி விரலிடமே கைநாட்டு வாங்கிக்கொண்டன. 1991-இல் கட்டை விரலுக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை அந்த விரலுக்கு இன்னும் யாரும் நடத்தவில்லை.

நீங்கள் நடத்தலாம். இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் உங்கள் அம்மாவின் போனை வாங்குங்கள். செட்டிங்ஸில் போய், டார்ச் அடிக்கிற செயலிக்கும் நாள்காட்டி காட்டுகிற செயலிக்கும் தொடர்பு எண்கள், மைக், இருப்பிடம் எதற்கெல்லாம் அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். வேண்டாததை எடுத்துவிடுங்கள். எதற்கு எடுக்கிறீர்கள் என்பதை அவருக்கும் தமிழில் சொல்லிவிட்டு எடுங்கள்.